உப்பில்லாக் கஞ்சி கேட்ட ஹவில்தார்

1. எனக்குள்ளதில் உப்பு வேண்டாம்

பட்டாளத்து குக் ஹவுஸில் கஞ்சிக்கு உப்பு கூடிப்போயிற்று என்று திட்டு வாங்கியிருக்கிறேன். குறைந்துபோயிற்று என்றும் வாங்கியிருக்கிறேன். உப்பே வேண்டாம் என்று ஒருத்தன் மெஸ் டின்னை நீட்டிக்கொண்டு வந்து நின்றது என் சர்வீஸில் ஒரே தடவைதான். அவன் நோயாளியும் அல்ல. ஹவில்தார் பொன்னுலிங்கம். எங்கள் கம்பெனியிலேயே அதிகம் சாப்பிடுகிறவன்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, பங்குனி மாதம். திருவிதாங்கூர் மகாராஜாவின் பட்டாளத்தில் எங்களுடையது ஒரு சின்ன கம்பெனி. பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டைக்குள் முகாம் போட்டிருந்தோம். நான் குக். பெயர் சூசை, ஊர் குளச்சல். மீன் வாடை போகாத கை என்று என்னைக் கேலி செய்வார்கள். அந்தக் கை வைத்த மீன் புளிமுளம் என்றால் வரிசையில் முந்தியடிப்பவர்களும் அவர்களேதான்.

விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டிவிடுவேன். வேளிமலையிலிருந்து மஞ்சு இறங்கி வந்து கோட்டைச் சுவரை முழுங்கியிருக்கும். விறகுப் புகையும் மஞ்சும் கலந்து, கஞ்சிக்கு நிற்கிறவர்களின் தலை மட்டும் தெரியும், கால் தெரியாது. இன்றைக்கும் அந்த முகாமை நினைத்தால் காலில்லாத மனிதர்கள் மிதந்து வருகிற மாதிரிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அப்படி மிதந்து வந்தவன்தான் அன்றைக்குப் பொன்னுலிங்கமும்.

"சூசை, எனக்குள்ளத உப்பு போடதுக்கு முன்ன கோரித் தா."

"ஏன் வேய், வயித்துல கோளாறா?"

"கோளாறு ஒண்ணுமில்ல. தா."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு கேட்டதில்லியா? எனக்க அடுப்புலேருந்து அப்பிடி ஒரு சாதனம் வெளிய போவாது, கேட்டியா."

"இண்ணையிலேருந்து போவும்" என்றான். சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. சமையற்காரனிடம் உப்பு வேண்டாம் என்பது அவன் கையைத் தட்டிவிடுகிற மாதிரி. ஆனாலும் கோரிக் கொடுத்தேன். அவன் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

2. சுபேதாரின் வாழையிலை

இது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது சர்க்கார் சட்டம் அல்ல, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எங்கள் சுபேதார் குறுப்பு உண்டாக்கியது.

புதிதாகச் சேர்ந்தவன் மைதானத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டு நேராக குக் ஹவுஸ் வாசலுக்கு வருவான். அங்கே சுபேதார் ஒரு வாழையிலைத் துண்டில் கல் உப்பு வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நுள்ளு எடுத்து அவன் நாக்கில் வைப்பார். "இது பொன்னுதம்புரான்டெ உப்பு. மறக்கருது" என்பார். மகாராஜாவின் உப்பு, மறக்காதே என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் முதல் கஞ்சி. இந்த ராஜ்யமே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தது, மகாராஜா அவருக்குத் தாசன், நாம் தாசனுக்குத் தாசன், பள்ளிகொண்டிருக்கிற சுவாமிக்கு நாம் காவல். இப்படி அவர் மலையாளமும் தமிழும் கலந்து சொல்லும்போது பயல்களுக்கு மயிர்க்கூச்செறியும். உப்பு ஜாடி என் பொறுப்பில் இருந்ததால் எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

பிறகு காலம் புரண்டது. நாற்பத்தேழில் கொஞ்ச நாள் எங்கள் சமஸ்தானம் தனி நாடாகப் போகிறது என்றார்கள். பிறகு இல்லை, இந்தியாவோடு சேர்ந்தாயிற்று என்றார்கள். அப்புறம் கொச்சியோடு சேர்த்துக் கட்டினார்கள். அடுத்து குடியரசு வந்தது. அண்டாவுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு இதெல்லாம் வெளியே பெய்கிற மழை மாதிரி. சத்தம் கேட்கும், நனைய மாட்டோம். ஐம்பது பங்குனியில்தான் கூரை ஒழுகியது. சமஸ்தானப் பட்டாளம் இந்திய ராணுவத்தில் சேர்கிறது, தேர்வானவர்கள் புதிதாகச் சத்தியம் எடுக்க வேண்டும், எடுக்காதவனுக்கு டிஸ்சார்ஜ் என்று உத்தரவு வந்தது. பொன்னுலிங்கம் தேர்வாகியிருந்தான். சுபேதாருக்கு வயது கடந்துவிட்டது, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த உத்தரவைப் படித்துக் காட்டிய மறுநாள் காலையில்தான் பொன்னுலிங்கம் உப்பில்லாக் கஞ்சி கேட்டான்.

3. ரெண்டு ராஜாவுக்குப் பழகினவன்

அவன் என்னிடம் வாய் திறந்தது ஒரு மத்தியானம். ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இப்பம் வாற ரேஷன் டெல்லி ரேஷனாக்கும். அதுல உள்ள உப்பத் தின்னுட்டா, பொறவு நான் அவங்களுக்க ஆளு. தின்னாம இருக்கது வரைக்கும் பழைய ஆளு."

"அரிசி மட்டும் திங்க?"

"சோறு கூலி, மக்கா. உப்பு வாக்கு."

"எளவே! அப்பம் சத்தியம் எடுக்க மாட்டியா? வீட்டுக்குப் போனா என்ன செய்வ?"

"அதான் தெரியல்ல" என்றான். "ஒருத்தனுக்கு ரெண்டு ராஜ்யம் உண்டுமாலே? ஒரு நாக்குல ரெண்டு உப்பு வைக்க முடியுமா?"

நான் சிரித்தேன். "என்னப் பாரு. ரோமாபுரியில ஒருத்தரு, திருவனந்தபுரத்துல ஒருத்தரு, ரெண்டு பேருக்கும்தான் முட்டங்கால் போடுகேன். எனக்க முட்டுக்கு ஒரு கேடும் வரல்ல."

"நீங்க வேதக்காரங்க ரெண்டு ராஜாவுக்குப் பழகினவுக. எனக்கு ஒண்ணுதான். அதுவும் தூங்குகாரு."

அப்புறம் தன் கனவைச் சொன்னான். உத்தரவு வந்த நாளிலிருந்து அதே கனவாம். பாம்பின் மேல் சுவாமி படுத்திருக்கிறார். கோவிலுக்குள்ளே இல்லை, கடலில். அவர் காலடியில் இவன் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான். தண்ணீர் முழங்கால் அளவு, சத்தமே இல்லை. மாற்று ஆள் வர வேண்டிய நேரம் கடந்துவிட்டது. யாரும் வரவில்லை. பூட்ஸைச் சுற்றி உப்பு பூக்கிறது. வெள்ளையாக மேலே மேலே ஏறி வருகிறது. காலைத் தூக்கினால் உப்பு உடைகிற சத்தத்தில் சுவாமி முழித்துவிடுவாரே என்று அசையாமல் நிற்கிறான்.

"நல்ல கனவுதான். பயமே இல்ல. குளுகுளுன்னு இருக்கும்" என்றான். "ஆனா மாத்து வராம போஸ்ட்ட விட்டுப் போகப்பிடாதுல்லா சூசை? முதல் நாளு சொல்லித் தந்தது அதானே?"

நான் தேங்காய்த் துருவலை வாங்கிக்கொண்டேன். அந்த வெயிலிலும் எனக்கு முழங்கால் வரை தண்ணீர் ஏறின மாதிரி இருந்தது.

4. சாய்ந்துவிட்டான்

பங்குனி வெயிலில் உப்பில்லாமல் டிரில் செய்கிற உடம்பு எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு நாள் பரேடில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பொன்னுலிங்கம் அப்படியே சாய்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு வந்து குக் ஹவுஸ் நிழலில் கிடத்தினார்கள். கண்ணைத் திறந்து, "மாத்து வந்தாச்சா?" என்று கேட்டான்.

சுபேதார் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். "எடோ பொன்னுலிங்கம், நினக்கு என்ன ஆச்சு?" நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தான் வைத்த உப்பு ஒருத்தனை இப்படிக் கிடத்தும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார், பாவம்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. குக் ஹவுஸுக்கு உப்பு மூட்டை கொண்டுவருகிற வண்டிக்காரர் தாமரைகுளத்து ஆள். பொன்னுலிங்கத்தின் ஊரும் அதுவே. அவன் பெண்டாட்டி செல்லம்மை அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறவள். "அந்தப் பிள்ளையிட்ட ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லும்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

5. செல்லம்மை வந்தாள்

சத்தியத்துக்கு முந்தின நாள் வந்தாள். அளத்திலிருந்து நேரே வந்தவள் மாதிரி இருந்தாள். கறுத்த கணுக்காலில் வெள்ளையாக உப்புக்கோடு. பாதம் முழுக்க வெடிப்பு. குக் ஹவுஸ் பின்வாசலில் நின்று, "அண்ணாச்சி, மனுசன் எங்க?" என்றாள்.

பொன்னுலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை, ஏசினாள்.

"இது என்ன கோலம்? இஞ்ச சோறு போடல்லியா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, உப்பையும் வாக்கையும் பற்றித் தத்தித் தத்திச் சொன்னான். நாளைக்குச் சத்தியம் எடுக்கப் போவதில்லை என்றும் சொன்னான். "ராஜா உப்பத் தின்னுட்டேன் செல்லம்மை. துரோகம் செய்ய மாட்டேன்."

அவள் விறுவிறுவென்று உள்ளே வந்து, என் ஜாடிக்குள் கையை விட்டு ஒரு கை உப்பை அள்ளி அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இதா? இதா ராஜா உப்பு?"

"ஆமா."

"ராஜா வந்து பாத்தி மிதிச்சாரா? பங்குனி வெயிலுல நின்னு வாரினாரா? எனக்க அம்மை மிதிச்சா, அவளுக்க அம்மை மிதிச்சா, இப்பம் நான் மிதிக்கேன். வண்டிக்காரருட்ட கேளுங்க, இந்த மூட்டை எங்க உள்ளதுன்னு. ராஜாக்க கொட்டாரத்துல உலை வச்சாலும் இதத்தான் போடுகாவ. அப்பம் ஆரு ஆருக்க உப்பத் தின்னா?"

அவன் "அது சர்க்கார் அளம்லா…" என்று முனகினான்.

"அளம் சர்க்காருக்கு. இந்தக் காலு ஆருக்கு?" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். "இத்தன வருசமும் ராஜா நம்ம உப்பத் தின்னாரே, அவரு நமக்குச் சத்தியம் செஞ்சாரா? எனக்கு டெல்லியும் தெரியாது, கொட்டாரமும் தெரியாது. உங்களுக்கு உப்புக்கு நன்றி காட்டணும்னா இந்தக் காலுக்குக் காட்டுங்க. வேல வேண்டாம்னு வந்தா, நாளையிலேருந்து நீங்களும் நானும் சேந்து மிதிப்போம். அதுக்கும் நான் ரெடி. உப்பில்லாமச் செத்துப்போவதுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்."

அந்த ஜாடிக்குத் தினமும் உப்பு கொட்டிவைத்தவன் நான். மூட்டை எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒரு கணக்கு என் புத்தியில் ஏறியதே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு அகப்பையோடு நின்றேன்.

பொன்னுலிங்கம் அவள் கையிலிருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தின்னவில்லை. மெதுவாக, "அது செரிதான்" என்றான். "ஆனா போஸ்ட்ட மாத்திவிட ஆளு வரணும்லா."

செல்லம்மை தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவளுக்குக் கஞ்சியும் காணத்துவையலும் கொடுத்துக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பினேன். "நாளைக்கு என்ன ஆச்சுன்னு வண்டிக்காரருட்ட சொல்லிவிடும் அண்ணாச்சி" என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

6. குடை பிடித்த காவல்

மறுநாள் விடியக்காலம். அன்றைக்கு மஞ்சு ரொம்ப அடர்த்தி. கோட்டைச் சுவர் இல்லை, கொடிமரம் இல்லை, என் அடுப்பு மட்டும் சிவப்பாக இருந்தது. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் முழு யூனிஃபார்மில் துப்பாக்கியோடு வந்து குக் ஹவுஸ் வாசலில் அட்டென்ஷனில் நின்றான். எந்த வாசலில் முதல் உப்பு தின்றானோ அதே வாசல். வெள்ளைக்குள் அவன் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அவன் கனவுக்குள் நான்தான் நுழைந்துவிட்டேன் போல என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் மஞ்சுக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். வேட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கையில் குடை, பின்னால் தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு கூலியாள். சுபேதார் குறுப்பு. அன்றைக்கு முதல் பஸ்ஸில் அவருக்கு ஊர்ப் பயணம். யூனிஃபார்ம் இல்லாமல் அவரைப் பார்த்தது அப்போதுதான். வேறு யாரோ மாதிரி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பொன்னுலிங்கத்துக்கு எதிரே போய் நின்றார். குடையை மடக்கி, துப்பாக்கி மாதிரி தோளில் சார்த்திக்கொண்டார். நிமிர்ந்தார்.

"காவல் மாற்றம்!" என்றார். அந்தக் குரல் மட்டும் பழைய குரல்.

பொன்னுலிங்கம் ரிப்போர்ட் சொன்னான். "சுவாமி தூங்குகாரு. போஸ்ட்டில் விசேஷம் ஒண்ணுமில்ல, சார்."

"செரி. காவல் ஞான் ஏற்றாச்சு. எனக்க வீடு கோவில் பக்கத்திலாணு. ஞான் பாத்துக்கொள்ளாம்." அவர் குரல் உடைந்தது. "நீ போய்க்கோ, மோனே."

பொன்னுலிங்கம் சல்யூட் அடித்தான். இரண்டு பேரும் பட்டாளத்து முறைப்படி ஒருவரை ஒருவர் கடந்து திரும்பினார்கள். அவர் குடையைத் தோளிலிருந்து இறக்காமலே நடந்து போனார். கூலியாள் பின்னால் போனான். மஞ்சு மூடிக்கொண்டது. இது என்ன கிறுக்குத்தனம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பொன்னுலிங்கம் உள்ளே வந்தான். "சூசை, ஒரு நுள்ளு உப்பு தா."

"இது ஆருக்க உப்பு தெரியுமாலே?" என்றேன், ஜாடியைத் திறந்துகொண்டே.

"எனக்க பெஞ்சாதிக்க உப்பு" என்றான். நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். அப்புறம், "கஞ்சி ஊத்து. நல்லா உப்பு போட்டு" என்றான். அன்றைக்கு மூன்று டின் குடித்தான், படுபாவி. மைதானத்தில் அவன் சத்தியம் சொன்ன சத்தம் குக் ஹவுஸ் வரை கேட்டது. வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

7. அளத்தில் ஒரு சல்யூட்

இந்திய ராணுவத்துக்கு எடுத்த குக்குகளில் நான் இல்லை. நான் தக்கலையில் ஒரு சாயாக்கடை போட்டேன். பொன்னுலிங்கம் வடக்கே எங்கெங்கோ போனான். ஐம்பத்தாறு வேனலில் லீவில் வந்தான். எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று உறுதியாகியிருந்த நேரம். என் கடையில் அதே பேச்சுதான். யாரோ ஒருவர் அவன் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "பட்டாளத்துக்காரரே, நீரு மலையாளப் பக்கமா, தமிழ்ப் பக்கமா?" என்று கேட்டார்.

"நான் தாமரைகுளம்" என்று சொல்லிவிட்டு அவன் சாயாவை ஊதினான். என்னையும் கூப்பிட்டான். "வா சூசை, வீட்டுக்குப் போவோம். நல்ல சாளை மீன் வாங்கி உனக்க கையால புளிமுளம் வச்சுத் தா."

நாங்கள் அளத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி திரும்பியிருந்தது. பாத்தி பாத்தியாக வெள்ளை. வானமும் தரையும் ஒரே வெளிச்சமாக, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் நாலைந்து பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரை நீர் என்றால் நம்பலாம், வானத்துக்குள் நிற்கிறார்கள் என்றாலும் நம்பலாம். செல்லம்மை ஒரு வரப்பில் நின்றாள்.

பொன்னுலிங்கம் வரப்போரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான், கோவிலுக்குப் போகிறவன் மாதிரி. வெறுங்காலோடு பாத்தி ஓரமாக நடந்து போய், அவள் முன்னால் நின்று, குதிகால் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தான். பெரிய ஆபீசருக்கு அடிக்கிற சல்யூட்.

அவள் பதறிப்போனாள். "மானங்கெட்ட மனுசா, கைய எறக்குங்க! ஆளுக பாக்காவ!"

"திருப்பி அடிக்காம எறக்கப்பிடாது. அதாக்கும் ரூல்" என்றான். கை நெற்றியிலேயே நின்றது.

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். செல்லம்மை சுற்றும் முற்றும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாருபலகையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, உப்பு ஒட்டின வலது கையை மெல்லத் தூக்கி நெற்றியில் வைத்தாள். வெட்கத்தில் சிரித்தாள், அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையை இறக்கினான்.

அந்த வருஷக் கார்த்திகைக்குள் எங்கள் ஊர் வேறு ராஜ்யம் ஆகிவிட்டது. போர்டுகள் மாறின, முத்திரை மாறியது. அளம் அங்கேதான் இருந்தது. மெஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. அண்டாவில் உப்புப் போடும்போது அதை வாரின கையை ஒரு தடவை நினைத்துக்கொண்டு போடுங்கள். பொன்னுலிங்கத்தின் அந்தக் கஞ்சிக்குப் பிறகு, என் கடையிலும் நான் அப்படித்தான் போட்டேன்.